மஞ்ச ஃபாக் லேம்ப்: சுங்கை சிப்புட் தோட்டத்து ரோட்டுல 10 மாசம் ஓட்டிப் பாத்தது

மொதல்ல வெலைய சொல்லிடுறேன், ஏன்னா என் காடிய, அதான் கார, பாக்குறவங்க எல்லாம் அதத்தான் கேக்குறாங்க. ஒரு ஜோடி மஞ்ச ஃபாக் லேம்ப், அதாவது பனில ரோடு தெரிய முன் பம்பர்ல மாட்டுற லைட்டு, ஹாலஜென், ஒவ்வொன்னும் 55 வாட், ஸ்விட்ச், வயர், ரிலே எல்லாம் ஒரே பெட்டில, 168 வெள்ளி. மாட்டுன கூலி மொதத் தடவ 50 வெள்ளி, அது வீணாப் போச்சு, ஏன்னு கீழ சொல்றேன். ரெண்டாவது தடவ வேற எடத்துல 80 வெள்ளி. ஆக மொத்தம் 298 ஆச்சு. பெட்டில பெரிய பிராண்ட் பேரு எதுவும் இல்ல, அதனால பேர கேக்காதீங்க, என்ன மாதிரி சாமான், எங்க மாட்டுனா எப்படி வேல செய்யுதுங்கறது தான் நான் சொல்ல வந்தது.

நாங்க இருக்குறது மலேசியால, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் டவுன்ல இருந்து உள்ள போற ஒரு தோட்டத்துல. லயத்த எல்லாம் ஒடச்சிட்டு தனித்தனி வீடா கட்டிக் குடுத்து ரொம்ப வருசம் ஆச்சு, ஆனா ரோடு மட்டும் அதே பழைய தோட்டத்து ரோடு, மெயின் ரோடு வரைக்கும் 4 கிலோமீட்டர், ஒரு லைட்டுக் கம்பம் கெடையாது, ரெண்டு பக்கமும் செம்பனை, பாதி தூரத்துல ரோடு ஒரு பள்ளத்துல எறங்கும், அங்க ஒரு சின்ன பாலம், கீழ ஆறு. நான் காலைல 5.30க்கு எறங்கணும். பாப்பாவ டவுன்ல நாத்தனா வீட்டுல விட்டுட்டு, அங்க இருந்து பழைய ரோட்டுலயே கந்தான் சுண்ணாம்புக்கல் மலைய தாண்டி, சிம்மோர் தாண்டி, ஜெலப்பாங் பக்கம் ஃபேக்டரிக்கு 7 மணி ஷிப்ட். காடி ஒரு பழைய மைவி, வெல கொறஞ்ச மாடல், முன் பம்பர்ல ஃபாக் லேம்ப் வர வேண்டிய எடத்துல வெறும் பிளாஸ்டிக் மூடி தான்.

இத ஏன் வாங்குனேன்னா ஒரு மாட்டால. போன வருசம் தீவாளி முடிஞ்சு ரெண்டு வாரம் இருக்கும், முந்துன நாள் சாயங்காலம் நல்ல மழை, ராத்திரி வானம் தெளிஞ்சு நட்சத்திரமா கெடந்துச்சு, காலைல கதவ தொறந்தா எதுத்த வீடு தெரியல, அவ்ளோ பனி. இங்க மாடு வளக்குறவங்க நெறய பேரு, அந்த மாடுங்க ராத்திரில தார் ரோட்டுல வந்து படுத்துக்கும், புல்லு ஈரமா ஜில்லுனு இருக்கும், தாரு கொஞ்சம் சூடா இருக்கும் இல்ல, அதான். பாலத்துக்கு முன்னாடி எறக்கத்துல நான் ஹை பீம் போட்டுட்டுப் போறேன், ஹை பீம் போட்டா நல்லா தெரியும்னு நெனச்சு, முன்னாடி வெள்ளத் துணி கட்டுன மாதிரி ஒரே வெள்ளை, திடீர்னு அந்த வெள்ளைக்குள்ள ஒரு கருப்பு. பிரேக் அடிச்சேன், காடி வழுக்கிட்டுப் போய் ஓரத்துல மண்ணுல நின்னுச்சு, மாட்டுக்கும் பம்பருக்கும் நடுவுல ஒரு ஆள் படுக்குற எடம் கூட இல்ல. பின்னாடி சீட்டுல பாப்பா தூங்கிட்டு இருந்தா, எந்திரிச்சு "அம்மா வந்தாச்சா"ன்னு கேட்டா. நான் ஸ்டியரிங்க விட்டு கைய எடுக்கவே ரொம்ப நேரம் ஆச்சு.

அன்னிக்கு சாயங்காலம் வீட்டுல இத சொன்னப்ப எங்க பாட்டி ஒன்னு சொன்னாங்க, இந்த லாம்பு விசயத்துல நான் கேட்ட பேச்சுலயே அது தான் பெருசு. பாட்டி இந்தத் தோட்டத்துலயே பால் வெட்டுனவங்க, அப்ப எல்லாம் ரப்பர். விடியக்காலைல தான் மரத்துல பால் நல்லா ஒழுகும், வெயில் ஏற ஏற கொறஞ்சிடும், அதனால இருட்டுலயே போயிடணும், நெத்தில கார்பைட் விளக்க கட்டிக்கிட்டு. பனி எறங்குன அன்னிக்கு மட்டும் பாட்டி அந்த விளக்க நெத்தில இருந்து அவுத்து, கைல புடிச்சு இடுப்புக்குக் கீழ வச்சுக்குவாங்களாம். "நெத்தில இருந்தா வெளிச்சம் கண்ணு முன்னாலயே நிக்குது, கீழ புடிச்சா தான்டி காலு வக்கிற எடம் தெரியும், மரம் தெரியும், பாம்பு கெடந்தா அதுவும் தெரியும். நீ என்னத்துக்கு லைட்ட மேல தூக்கி விட்ட?" இது தான் பாட்டி கேட்டது. ஃபாக் லேம்ப் செய்யுற வேல முழுக்க இந்த ஒரு பேச்சுல இருக்குன்னு எனக்கு அப்புறமா தான் புரிஞ்சுது.

பனின்னா என்ன, தண்ணி தானே. ரொம்ப சின்னச் சின்ன தண்ணித்துளி, ஒவ்வொன்னும் சுமாரா 10, 20 மைக்ரோன், ஒரு மைக்ரோன்னா ஒரு மில்லிமீட்டர ஆயிரமா வெட்டுனதுல ஒன்னு. நல்லா அடர்ந்த பனில கூட ஒரு கன மீட்டர் காத்துல இருக்குற தண்ணி அரை கிராம் அளவு தான், ஆனா அது கோடிக்கணக்கான துளியா பிரிஞ்சு தொங்குறதால ஒவ்வொரு துளியும் நம்ம லைட்ட வாங்கி நம்ம மேலயே திருப்பி அடிக்குது. ஹை பீம் மேலயும் தூரமும் பாயுற லைட்டு, அதாவது நம்ம கண்ணு பாக்குற அதே வழில நிக்கிற துளிங்க எல்லாத்தையும் வெள்ளையாக்கி விட்டுடுது. லைட்ட கூட்டக் கூட்ட சுவரு தான் வெள்ளையாகும், ரோடு தெரியாது. ஃபாக் லேம்ப் பம்பருக்குக் கீழ ஒக்காந்து, அகலமா, தட்டையா, கிட்டத்துல மட்டும் அடிக்கும், மேல் பக்கம் கத்தியால வெட்டுன மாதிரி நின்னுடும். கண்ணு பாக்குற வழி ஒன்னு, லைட்டு போற வழி ஒன்னு. பாட்டி இடுப்புக்குக் கீழ புடிச்ச விளக்கு.

நம்ம பக்கம் ஏன் இவ்ளோ பனின்னு கேக்குறவங்களுக்கு. சுங்கை சிப்புட் கெடக்குறது மலைங்களுக்கு நடுவுல, கெழக்க தித்திவாங்சா, மேக்க கிளெடாங் தொடரு, நடுவுல ஆறுங்க. சாயங்காலம் மழ பேஞ்சு தரை ஊறி இருக்கும், ராத்திரி மேகம் கலஞ்சு காத்தும் நின்னுட்டா தரைல இருக்குற சூடு எல்லாம் மேல போயிடும், தரை குளுந்தா அத தொட்டுக்கிட்டு இருக்குற காத்தும் குளுந்து, அதுக்கு மேல ஈரத்த தாங்க முடியாம துளித்துளியா விட்டுடுது. குளுந்த காத்து கனம், தண்ணி மாதிரி பள்ளத்தத் தேடி ஓடும், அதனால தான் வீட்டுப் பக்கம் லேசா இருக்குற பனி பாலத்துக்கிட்ட போனா கட்டித் தயிரா நிக்குது. காத்து கொஞ்சம் அடிச்சாலே கலஞ்சிடும், மேகம் மூடுன ராத்திரில அனேகமா வராது. இதனால இப்ப நானே முந்துன ராத்திரி வாசல்ல நின்னு வானத்தப் பாத்து சொல்லிடுவேன், சாயங்காலம் மழையா, ராத்திரி நட்சத்திரமா, எல ஆடலையா, அப்ப நாளைக்கு 10 நிமிசம் சீக்கிரம் கெளம்பணும். ஊருல சொல்லுவாங்களே தைப் பனி தரையத் துளைக்கும் மாசிப் பனி மச்சத் துளைக்கும்னு, இங்க அந்தக் குளுரு இல்ல, ஆனா ஜனவரி பிப்ரவரில தெளிஞ்ச ராத்திரி நெறய வரும், காலைல கை வெறைக்கிற மாதிரி ஒரு ஈரக் குளுரு இருக்கத்தான் செய்யுது.

இன்னொன்னு நேரம். 1982 ஜனவரி 1ல தீபகற்பத்துல கடிகாரத்த அரை மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சாங்க, சபா சரவாக்கோட ஒரே நேரமா வரணும்னு. அதுல இருந்து நம்ம பக்கம் சூரியன் வர்றதே 7 மணிக்கு மேல, பிப்ரவரில கிட்டத்தட்ட 7.30. பனி ரொம்ப அடர்த்தியா இருக்குறதும் சரியா விடியுற நேரத்துல தான். ஆக ஷிப்டுக்குப் போறவங்க, பள்ளிக்கூடப் பிள்ளைங்கள ஏத்திட்டுப் போற வேன், மோட்டார்ல போற குலை வெட்டுற ஆளுங்க, எல்லாரும் இருட்டும் பனியும் ஒன்னா இருக்குற அந்த ஒன்றரை மணி நேரத்துல தான் ரோட்டுல இருக்கோம். வெயில் ஏறி 9 மணிக்கு பனி கலைஞ்சப்புறம் கெளம்புற வேல நமக்கு இல்லையே.

இப்ப கடை. ஈப்போல ஒரு காடி சாமான் கடை, பேரு வேணாம். தவுக்கே, அதான் கடை மொதலாளி, நல்லா தான் பேசுனாரு, வெள்ளை எல்இடி காட்டுனாரு, மஞ்ச ஹாலஜென் காட்டுனாரு, மஞ்ச லைட்டு பனிய "தெம்புஸ்" பண்ணிட்டு, அதாவது துளைச்சுக்கிட்டு போகும், வெள்ளை போகாதுன்னு மலாய்ல சொன்னாரு. இத நெறய பேரு சொல்லுவாங்க, நானும் நம்பித்தான் வாங்குனேன், ஆனா அது முழுசா உண்மை இல்லன்னு அப்புறம் படிச்சு தெரிஞ்சுக்கிட்டேன். பனித்துளி வெளிச்சத்தோட அலைய விட ரொம்பப் பெருசு, நீல வெளிச்சத்தோட அலை அரை மைக்ரோன் கூட இல்ல, மஞ்சளோடது அரை மைக்ரோனுக்குக் கொஞ்சம் மேல, துளியோ 10, 20. அவ்ளோ பெரிய துளிக்கு மஞ்ச என்ன நீலம் என்ன, எல்லா கலரையும் ஒரே மாதிரி தான் செதறடிக்கும். அதனால தானே பனி வெள்ளையா தெரியுது. அப்ப மஞ்சளுக்கு என்ன பிரயோசனம்னா அது கண்ணுல. நீலம் கலந்த வெள்ளை லைட்டு திரும்பி வந்து கண்ணுல அடிச்சா கூசும், கண்ணு சீக்கிரம் அசந்து போகும், அந்த நீலத்த வடிகட்டி எடுத்துட்டா மிச்சம் இருக்குறது தான் மஞ்ச. பிரான்ஸ்ல 1993 வரைக்கும் காடிக்கு முன் லைட்டே மஞ்சளா தான் இருக்கணும்னு சட்டம் இருந்துச்சு. எனக்கு 40 வயசு தாண்டிடுச்சு, ராத்திரி வெள்ளை எல்இடி எதுத்து வந்தா கண்ணுல தண்ணி வரும், அதனால மஞ்ச எனக்கு ஒத்துவருது. சின்ன வயசு புள்ளைங்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாம கூட போகலாம். கலருக்காக மட்டும் காசு குடுக்காதீங்க, லைட்டு விழுற வடிவத்தப் பாத்து வாங்குங்க, செவத்துக்கு முன்னாடி காடிய நிறுத்தி போட்டுப் பாருங்க, மேல் பக்கம் நேரா ஒரு கோடு வெட்டுன மாதிரி விழணும், உருண்டையா பரவி விழுந்தா அது ஃபாக் லேம்பே இல்ல, சும்மா மஞ்ச பல்பு.

மாட்டுன கதை. மொதல்ல மாட்டுன எடத்துல அவசர அவசரமா ஹெட்லைட் வயர்லயே சொருகி விட்டுட்டாங்க, பெட்டில குடுத்த ரிலேவ பெட்டிலயே விட்டுட்டாங்க. எனக்கு அப்ப ரிலேன்னா என்னன்னே தெரியாது, லாம்புக்கு வேண்டிய கரண்ட பெட்ரில இருந்து தனி வயருல விடுற ஒரு ஸ்விட்ச் மாதிரி சாமான் அது. ரெண்டு 55 வாட், 110 வாட், 12 வோல்ட்டுல 9 ஆம்பியர் ஓடும், ஹெட்லைட்டுக்குன்னு போட்ட மெலிசு வயருல இதையும் ஏத்துனா என்ன ஆகும். நாலாவது நாளே கருகுற வாடை, ஃபியூஸ் போச்சு, ஹெட்லைட்டும் சேந்து போச்சு, நல்லவேளை அப்ப டவுனுக்குள்ள தெரு லைட்டுக்குக் கீழ இருந்தேன், அது மட்டும் தோட்டத்து ரோட்டுல ஆகிருந்தா நெனச்சுப் பாக்கவே பயமா இருக்கு. திரும்பக் கொண்டு போய் கேட்டதுக்கு லாம்பு சரியில்லன்னு சொன்னாங்க, லாம்பு நல்லா தான் இருந்துச்சு.

அப்புறம் நம்ம டவுன்லயே வயரிங் பாக்குற ஒரு அண்ணன்கிட்ட விட்டேன், சின்னக் கொட்டகை, போர்டு கூட இல்ல. அவரு பழைய வயர எல்லாம் பிடுங்கிட்டு பெட்ரில இருந்து தனியா தடி வயரு, 15 ஆம்பியர் ஃபியூஸ், ரிலே, ஸ்விட்ச் டாஷ்போர்டுல கைக்கு எட்டுற எடத்துல, எல்லாம் போட்டு, கடைசில சாயங்காலம் 7.30 வரைக்கும் இருட்டுறதுக்காகக் காத்திருந்து செவத்துல லைட்ட அடிச்சு ஒசரம் சரி பண்ணிக் குடுத்தாரு. "அக்கா, இது எதுத்து வர்றவன் கண்ணுல படக்கூடாது, பட்டா நீங்க மாட்டுன பிரயோசனமே இல்ல"ன்னு சொன்னாரு. 80 வெள்ளி. அந்தக் காசு கொஞ்சம் கூட கூடுதல் இல்ல. லாம்பு 168 வெள்ளிக்கு நான் 10க்கு 7 குடுப்பேன், அந்த அண்ணன் வேலைக்கு 10க்கு 10.

நெசமாவே வித்தியாசம் தெரியுதான்னு கேக்குறவங்களுக்கு, நான் மரத்த எண்ணிப் பாத்தேன். செம்பனை நடுறப்ப மரத்துக்கு மரம் 9 மீட்டர் விட்டு நடுவாங்க, பாலத்துக்கு முன்னாடி ரோட்டோரமா ஒரு வரிசை நேரா போகுது, என் வீட்டுக்காரரு டேப்பு புடிச்சு அளந்தாரு, 9 மீட்டர் சரியா இருந்துச்சு. அந்த எடத்துல காடிய ஓரமா நிறுத்தி லைட்ட மாத்தி மாத்தி போட்டு எத்தன மரத்தோட அடி தெரியுதுன்னு எண்ணுனேன், பனி அடர்ந்த 11 காலைல இத செஞ்சிருக்கேன். ஹை பீம் போட்டா 2 மரம், சில நாள் 2 கூட இல்ல. லோ பீம் 3. லோ பீமோட இந்த மஞ்ச லாம்பும் சேந்தா 4. ரொம்ப மோசமான ரெண்டு நாள்ல லோ பீம அமத்திட்டு சின்ன லைட்டும் மஞ்ச லாம்பும் மட்டும் போட்டுப் பாத்தேன், அப்பவும் 4 தான், ஆனா முன்னாடி நிக்கிற வெள்ளைச் சுவரு காணாமப் போன மாதிரி கண்ணுக்கு எதமா இருந்துச்சு. எண்ணிக்கைல ஒரு மரம் தான் கூடுது. ஆனா ரோட்டோர புல்லு, கல்லு, குழி, ஓரத்துல நடந்து போற ஆளோட காலு, இதெல்லாம் ரெண்டு பக்கமும் பளிச்சுனு தெரியுது, முன்னாடி இதுல ஒன்னும் தெரியாது.

ஒரு மரம் தானேன்னு நெனக்காதீங்க. ஈர ரோட்டுல 40ல போனா, பாத்து, கால எடுத்து பிரேக்ல வச்சு, காடி நிக்கிறதுக்கு சுமார் 30 மீட்டர் ஆகும். 3 மரம்னா 27 மீட்டர், பத்தாது. 4 மரம்னா 36, நின்னுடலாம். 60ல போனா 50 மீட்டருக்கு மேல வேணும், கிட்டத்தட்ட 6 மரம், இந்த லாம்பு என்ன எந்த லாம்பு போட்டாலும் அந்தப் பள்ளத்துல 6 மரம் தெரியாது. லாம்பு மாட்டுனதும் வேகமா போகலாம்னு நெனக்கிறவங்க தயவு செஞ்சு இத வாங்காதீங்க. முன்னாடி நான் 40ல போனது தப்பு, இப்ப 40ல போறது சரி, லாம்பு எனக்கு செஞ்சது அவ்ளோ தான், அது எனக்குப் போதும்.

மார்ச் மாசம் ஒரு நாள் அதே எறக்கத்துல அதே மாதிரி மாடு. இந்தத் தடவ மொதல்ல தெரிஞ்சது நாலு காலு, ஒடம்பு தெரியல, தரைக்கு மேல கொஞ்ச ஒசரத்துல நாலு காலு மட்டும் மஞ்ச வெளிச்சத்துல. லைட்டு கீழ போகுதுல்ல, அதான் காலு மொதல்ல தெரியுது. மெதுவா நிறுத்துனேன், அது பாட்டுக்கு நடந்து செம்பனைக்குள்ள போயிருச்சு. பின்னாடியே ஒரு கன்னுக்குட்டி. வேலைக்குப் போனதும் வீட்டுக்குப் போன் போட்டு பாட்டிகிட்ட சொன்னேன்.

மே மாசம் ஸ்கூல் லீவுல சிம்பாங் பூலாய் வழியா கேமரன்மலை ஏறுனோம், அங்கயும் போட்டுப் பாத்தேன். அங்க பனி வேற மாதிரி வருது, நம்ம பக்கம் ராத்திரி தரை குளுந்து கீழ தேங்குறது, அங்க பகல்லயே, ஈரக் காத்து மலைச் சரிவுல மேல ஏற ஏற குளுந்து மேகமாகி அந்த மேகமே ரோட்டுல வந்து ஒக்காந்துக்குது. கம்போங் ராஜா தாண்டி மத்தியானம் 3 மணிக்கு ஒரேடியா மூடிருச்சு. பகல் வெளிச்சத்துல இந்த லாம்பு நமக்கு ரோட்டக் காட்டுறதுக்கு பெருசா உதவல, உண்மைய சொல்லணும். ஆனா எதுத்து லோரில வந்த ஒரு தாத்தா சாப்பாட்டுக் கடைல நிறுத்தி என்கிட்டயே வந்து சொன்னாரு, ஒங்க மஞ்ச லைட்டு தூரத்துலயே தெரிஞ்சுச்சும்மா, பின்னாடி வந்த சாம்பல் கலரு காடி கிட்ட வர்ற வரைக்கும் தெரியலன்னு. நாம பாக்குறது ஒன்னு, நம்மள மத்தவங்க பாக்குறது ஒன்னு. பனில சாம்பல், வெள்ளை காடி வச்சிருக்கவங்க லைட்டு போடாம ஓட்டுறத பாத்தா எனக்கு வயிறு கலங்குது.

பொகமூட்டத்துக்கு இது ஒதவுமான்னு ஃபேக்டரில ஒரு தங்கச்சி கேட்டா. பனிமூட்டம் வேற, பொகமூட்டம் வேற, மலாய்ல அழகா கபூஸ், ஜெரெபுன்னு ரெண்டு பேரு வச்சிருக்காங்க, நாம தான் ரெண்டுக்கும் சில நேரம் "பனி மாதிரி இருக்கு"ன்னு சொல்லிடுறோம். கபூஸ் தண்ணி, வெயில் வந்தா போயிடும். ஜெரெபு காடும் கரி மண்ணும் எரிஞ்ச பொகை, 1997, 2005, 2013, 2015, 2019ல பட்டோமே, வெயில் வந்தாலும் போகாது, மத்தியானமும் நிக்கும், நெஞ்ச அடைக்கும். காத்துத் தரக் குறியீடு 100 தாண்டுனாலே ஆரோக்கியத்துக்கு ஆகாத அளவு. அதுக்கு வேண்டியது மூக்குக்கு மாஸ்க்கு, காடிக்கு லாம்பு இல்ல. ஆனா ரெண்டும் ஒன்னா வர்ற காலை இருக்கு பாருங்க, அது தான் மோசம், பொகைல இருக்குற தூசிய புடிச்சுக்கிட்டு தான் தண்ணித்துளி உருவாகும், தூசி நெறய இருந்தா துளியும் நெறய. நான் வாங்குனதுக்கப்புறம் அப்படி ஒரு நாள் இன்னும் வரல, வரவும் வேணாம்.

இனி கொறைங்க. ரெண்டு மாசத்துலயே இடது லாம்பு கண்ணாடிக்கு உள்ள ஆவி புடிச்சிருச்சு. பனிக்குன்னு வாங்குன லாம்புக்குள்ளயே பனி, எனக்கு ரொம்ப மனசு கஷ்டமாச்சு. அந்த வயரிங் அண்ணன் தான் காட்டுனாரு, லாம்புக்குப் பின்னாடி மூச்சு விட ஒரு சின்ன ஓட்டை இருக்கும், லைட்டு எரியுறப்ப உள்ள காத்து சூடாகி வெளிய போகும், அமத்துனா குளுந்து வெளிய இருக்குற ஈரக் காத்த உள்ள இழுக்கும், அந்த ஓட்டை கீழ பாத்து இருக்கணும், என்னோடது மேல பாத்து மாட்டி இருந்துச்சு, மழைத் தண்ணியும் சேந்து போயிருக்கு. திருப்பி மாட்டி ஓரத்துல சிலிகோன் பூசிக் குடுத்தாரு, அதுல இருந்து லேசா புடிச்சாலும் எரிய விட்ட கொஞ்ச நேரத்துல போயிடுது. ஹாலஜென்ல அது ஒரு நல்லது, கண்ணாடி சூடாகும், எல்இடி அவ்ளோ சூடாகாது. அடுத்தது இரும்பு பிராக்கெட், பெயிண்ட் மட்டமானது, ஆறே மாசத்துல துரு, நான் துரு சொரண்டிட்டு கருப்பு பெயிண்ட் அடிச்சேன். அப்புறம் சேறு. கீழ இருக்குறதால தோட்டத்து ரோட்டு செம்மண்ணு எல்லாம் அதுல தான் வந்து ஒட்டும், ரெண்டு நாளைக்கு ஒரு தடவ ஈரத்துணில தொடைக்கலன்னா பாதி வெளிச்சம் கூட வராது. ஒரு பல்பு எட்டாவது மாசம் போச்சு, புதுசு 12 வெள்ளி, நானே மாத்துனேன்.

வாங்குறவங்க இதையும் கேட்டுக்குங்க. பனி இல்லாத ராத்திரில இத அமத்திடுங்க, ஈர ரோட்டுல இந்த வெளிச்சம் பட்டுத் தெறிச்சு எதுத்து வர்றவங்களுக்கு கூசும், கிட்டத்துல ரொம்ப வெளிச்சமா இருந்தா நம்ம கண்ணும் தூரத்த பாக்காது. அளவுக்கு மீறுன வெளிச்ச லைட்டு மாட்டுனா ஜேபிஜே, அதான் சாலைப் போக்குவரத்து இலாகா, புடிப்பாங்க, அது நியாயம் தான். ஓடுற காடில ஹஸார்ட் லைட்ட, அதான் ரெண்டு பக்க சிக்னலும் ஒன்னா மின்னுறத, தட்டி விடாதீங்க, நம்ம ஊருல பனி, மழன்னா ஒடனே அத தட்டிடுறாங்க, அப்ப நீங்க வலது திரும்பப் போறீங்களா இடது திரும்பப் போறீங்களான்னு பின்னாடி வர்றவனுக்கு எப்படித் தெரியும். முன் கண்ணாடி மூடுனா உள்ள தொடைக்கிறதுக்கு முன்னாடி வைப்பர ஒரு தடவ போட்டுப் பாருங்க, நம்ம ஊரு ஈரக் காத்துல ஏர்கோன் கண்ணாடிய குளுர வச்சு வெளிப்பக்கம் தான் ஆவி புடிக்கும், நான் ரொம்ப நாளா உள்பக்கத்த துணியால தேச்சுக்கிட்டே ஓட்டிருக்கேன். ஏர்கோன் காத்த கண்ணாடி மேல அடிக்காம கால் பக்கம் திருப்பி விட்டா சரியாயிடும்.

வெள்ளை எல்இடி நீள லைட்டு ஒன்னு, கூரை மேல மாட்டுறாங்களே, எங்க கொழுந்தன் பிக்கப்புல இருக்கு, பனி நாளு ஒன்னுல அவரு கூட போய்ப் பாத்தேன். தெளிஞ்ச ராத்திரில தோட்டத்துக்குள்ள பகல் மாதிரி ஆக்குது, ஒத்துக்குறேன். பனில ஒரு மரம் கூட தெரியல. நெத்தில கட்டுன விளக்கு தானே அது. அவரே அமத்திட்டு லோ பீம்ல மெதுவா போனாரு, மறுநாள் என் காடிக்குக் கீழ குனிஞ்சு பாத்துட்டு எங்க வாங்குனீங்க அண்ணின்னு கேட்டாரு. லாம்ப எங்க வேணா வாங்குங்க, மாட்டுறதுக்கு மட்டும் நம்ம டவுன் அண்ணன்கிட்ட வாங்கன்னு சொன்னேன்.

எனக்கு இன்னும் ஒரு கொறை பாக்கி இருக்கு, பின்னாடி. முன்னாடி நான் பாக்குறேன், பின்னாடி வர்ற லோரி என்ன பாக்கணுமே, பழைய மைவியோட பின் லைட்டு அந்தப் பள்ளத்துல ரெண்டு மரம் தாண்டுனா மங்கிடுது, வீட்டுக்காரர நிக்க வச்சு அதையும் எண்ணிப் பாத்தாச்சு. வலது பக்கம் பம்பருக்குக் கீழ ஒத்த செவப்பு ஃபாக் லேம்ப் மாட்டலாம்னு அண்ணன் சொல்லிருக்காரு, பிரேக் லைட்டுல இருந்து தள்ளி வைக்கணுமாம், இல்லன்னா பிரேக்கு அடிச்சா வித்தியாசம் தெரியாதாம். 60 வெள்ளிக்குள்ள முடியும்னு சொல்றாரு. அடுத்த சம்பளத்துல மாட்டிட்டு, மழ மாசம் முடியுறதுக்குள்ள எத்தன மரத்துக்கு அது தெரியுதுன்னு எண்ணிட்டு வந்து எழுதுறேன்.